வீட்டு ஆர்கேட் பெட்டி: விளையாட்டிலிருந்து தொடங்குங்கள்

தொண்ணூறுகளில் நம் ஊர் வீடியோ கேம் கடைகளில் காசைக் கரைத்தவர்களிடம் ‘கெடிலாக்ஸ் அண்ட் டைனசோர்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், யோசிப்பார்கள். ‘முஸ்தபா கேம்’ என்று சொல்லுங்கள், உடனே கண் விரியும். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த விளையாட்டு அது. அதில் வரும் நான்கு நாயகர்களில் தொப்பி போட்டவன்தான் முஸ்தபா. வேகமானவன் என்பதால் எல்லோரும் அவனையே கேட்பார்கள். விளையாட்டுக்கே அவன் பெயர் நின்றுவிட்டது.

அந்த விளையாட்டு ஓடிய ஆர்கேட் பெட்டியின், அதாவது காசு போட்டால் ஓடும் ஆளுயர விளையாட்டுப் பெட்டியின் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். இப்போது என் வீட்டு ஹாலில் அதேபோல் ஒரு பெட்டி நிற்கிறது. ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் செய்து கொடுத்தது. மூன்று ஆண்டுகளில் மரத்தைத் தவிர அதில் எல்லாவற்றையும் ஒருமுறையாவது மாற்றியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒன்று வேண்டும், எங்கே தொடங்குவது?” என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எந்த விளையாட்டு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஜாய்ஸ்டிக், திரை, உள்ளே வைக்கும் கணினி எல்லாம் அதற்கு அப்புறம். ஏனென்றால் அந்தக் காலத்து விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கைப்பிடிக்கும் ஒரு குறிப்பிட்ட திரைக்கும் என்றே எழுதப்பட்டது.

பின்கதவைத் திறந்தால்

வெளியிலிருந்து பார்த்தால் ஆர்கேட் பெட்டி ஒரே இயந்திரம் மாதிரி தெரியும். பின்கதவைத் திறந்தால், தனித்தனிச் சாமான்களை ஒயர் போட்டுச் சேர்த்திருப்பது புரியும். மேலே ஒளிரும் பெயர்ப்பலகை. அதை மார்க்கீ என்பார்கள். அதற்குக் கீழே திரை. திரைக்கு முன்னால் சாய்வாக, ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்திய கண்ட்ரோல் பேனல். உள்ளே பவர் சப்ளை, ஸ்பீக்கர், நாணயம் விழும் பெட்டி. இவற்றோடு பக்கவாட்டில் திருகி வைத்த ஒரு சர்க்யூட் போர்டு. விளையாட்டு என்பது அந்த போர்டு மட்டும்தான்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு ஒயரிங் வைத்திருந்தது. ஒரு கம்பெனி போர்டைக் கழற்றி இன்னொரு கம்பெனி போர்டை மாட்டுவது பெரிய வேலை. 1980களின் நடுவில் ஜப்பானிய ஆர்கேட் உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது. சங்கத்தின் பெயரையே சுருக்கி அதை ‘ஜாம்மா’ என்கிறார்கள். 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டர். மின்சாரம், படம், ஒலி, இரண்டு ஆட்டக்காரர்களின் ஜாய்ஸ்டிக், நாணயம் எல்லாம் அதன் வழியாகவே போகும். பழைய போர்டை உருவிவிட்டு புதிய போர்டைச் செருகினால் முடிந்தது. நேற்று வரை விமானம் சுட்டுக்கொண்டிருந்த பெட்டியில் இன்று குத்துச்சண்டை ஓடுவது இப்படித்தான் சாத்தியமானது.

ஆக, பெட்டியை மேம்படுத்துவது என்பது இன்றைய ஆர்வலர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு இல்லை. நிண்டெண்டோ 1980இல் ‘ரேடார் ஸ்கோப்’ என்ற விளையாட்டை அமெரிக்காவுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பியது. பெரும்பகுதி விற்காமல் கிடங்கில் தேங்கியது. அந்தப் பெட்டிகளுக்குள் போடுவதற்காகவே ஒரு புதிய விளையாட்டைச் செய்யும் பொறுப்பை ஷிகெரு மியாமோடோ என்ற இளம் வடிவமைப்பாளரிடம் கொடுத்தார்கள். 1981இல் அது ‘டாங்கி காங்’ ஆக வந்தது. போர்டையும் ஒட்டுப் படங்களையும் மாற்றி, தேங்கிய பெட்டிகளையே விற்றுத் தீர்த்தார்கள். பிற்பாடு மரியோ என்று உலகமே அறிந்த பாத்திரம் முதலில் குதித்தது அந்த விளையாட்டில்தான். ‘மிஸ் பேக்-மேன்’ கதையும் ஏறக்குறைய இதுவே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சில இளைஞர்கள், பேய்களிடம் சிக்காமல் பாதையிலுள்ள புள்ளிகளைத் தின்னும் விளையாட்டான பேக்-மேனின் பழைய பெட்டிகளுக்கு மாட்டும் ஒரு மேம்பாட்டு கிட் செய்தார்கள். மிட்வே நிறுவனம் அதை வாங்கி 1982இல் தனி விளையாட்டாகவே வெளியிட்டது. எனக்கு அது மூலத்தைவிட நல்ல விளையாட்டு. பாதைகள் மாறிக்கொண்டே இருக்கும், அலுக்காது.

முதலில் ஜாய்ஸ்டிக்

வீட்டுப் பெட்டியில் முதல் ரூபாயை ஜாய்ஸ்டிக்கில் போடுங்கள். திரை மங்கலாக இருந்தாலும் விளையாடலாம். கை சொல்வதை இயந்திரம் கேட்காவிட்டால் விளையாட முடியாது.

ஜாய்ஸ்டிக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான்கு பக்கமும் நான்கு சிறிய மைக்ரோசுவிட்ச்கள் இருக்கும். கம்பியைச் சாய்க்கும் பக்கத்து சுவிட்ச் ‘டிக்’ என்று அழுந்தும். மூலையில் சாய்த்தால் இரண்டு சுவிட்ச்கள் ஒரே நேரத்தில் அழுந்தும். அதுதான் குறுக்குத் திசை. கம்பி எவ்வளவு தூரம், எந்த வடிவத்தில் நகரலாம் என்பதைக் கட்டுப்படுத்த கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. அதை ‘கேட்’ என்பார்கள். மூலைகளுக்குப் போக விடும் கேட் என்றால் அது எட்டுத் திசை ஜாய்ஸ்டிக். போக விடாமல் தடுத்தால் நான்கு திசை.

இந்தச் சின்னத் தகடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு பேக்-மேன் நல்ல சாட்சி. நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாடானி வடிவமைத்து 1980இல் வந்த விளையாட்டு. அதில் மேல், கீழ், இடம், வலம் தவிர வேறு திசையே கிடையாது. துரத்தும் நான்கு பேய்களும் கண்டபடி அலைவதில்லை. சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் இடத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னால் குறிவைத்து வழிமறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் நீங்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு தூரத்தில் இருந்தால் துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் தன் மூலையைப் பார்த்துத் திரும்பும். எல்லாம் கணக்கு. அந்தக் கணக்குக்கு எதிராக உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் திருப்பம். மூலை வருவதற்குச் சற்று முன்பே கம்பியைத் திருப்பி வைத்தால் பேக்-மேன் வளைவை அறுத்துக்கொண்டு திரும்புவான். பேய்களால் அது முடியாது. ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் தூரம் உங்களுக்கு மிச்சமாகும்.

இப்போது எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் இதைச் செய்து பாருங்கள். வலப்பக்கம் ஓடிக்கொண்டே மேலே திருப்புகையில் கம்பி மூலையில் சிக்கும். வலமும் மேலும் சேர்ந்து அழுந்தும். எதை எடுப்பது என்று தெரியாமல் விளையாட்டு நேராகவே ஓடும், நீங்கள் பேயின் வாயில் போய் விழுவீர்கள். நான் முதலில் வாங்கிய மலிவு கிட்டில் இதுதான் நடந்தது. வயதாகி என் கை மெதுவாகிவிட்டது என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நான்கு திசை கேட் மாட்டிய அன்றே, சிறுவயதில் தொட்ட சுற்றுகளைத் தாண்டிவிட்டேன்.

பேக்-மேன், மிஸ் பேக்-மேன், டாங்கி காங் மூன்றுக்கும் நான்கு திசைதான் வேண்டும். அதற்கு நேர் எதிர், இருவர் மோதும் சண்டை விளையாட்டான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’. 1991இல் வந்தது. கீழிருந்து முன்பக்கமாக கால் வட்டம் சுழற்றிக் குத்தினால் அதன் நாயகன் ரியூ நெருப்புப் பந்து வீசுவான். அந்த வட்டத்தில் மூலையும் அடக்கம், ஆகவே எட்டுத் திசை கட்டாயம். பட்டன்கள் ஆறு: மூன்று குத்து, மூன்று உதை. ஜாம்மா கனெக்டரில் ஆறு பட்டனுக்கு இடமே இல்லை என்பதால், உதைக்கு மட்டும் தனியாக ஒரு கூடுதல் கேபிள் மாட்டினார்கள். முஸ்தபாவுக்கு எட்டுத் திசையும், அடிக்க ஒன்று, எகிற ஒன்று என்று இரண்டு பட்டனும் போதும்.

இரண்டு வகையும் வேண்டும் என்கிறவர்களுக்கு, கேட்டைச் சுழற்றி மாற்றிக்கொள்ளும் ஜாய்ஸ்டிக்குகள் கிடைக்கின்றன. சான்வா நிறுவனத்தின் பிரபலமான ஜேஎல்எஃப் மாடலில் அடியிலுள்ள சதுரத் தகட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் நான்கு திசை ஆகிவிடும். என் வழி வேறு. பேனலையே கழற்றி மாற்றும்படி இரண்டு செய்து வைத்திருக்கிறேன். ஒன்றில் நடுவே ஒரே ஒரு நான்கு திசை ஜாய்ஸ்டிக். இன்னொன்றில் இருவருக்கும் எட்டுத் திசையும் ஆறு பட்டனும். இன்னும் ஆசை பெருகினால் டிராக்பால் இருக்கிறது. ‘மிசைல் கமாண்ட்’, ‘சென்டிபீட்’ இரண்டும் உருளும் பந்துக்காகச் செய்யப்பட்டவை. ஜாய்ஸ்டிக்கில் அவை பாதி உயிர்தான். ‘ஆர்கனாய்டு’க்குச் சுழலும் குமிழ் வேண்டும். முதல் பெட்டியில் இவற்றைத் தொடாதீர்கள். பேனலில் இடம் தின்னும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது துளையின் அளவு. ஜப்பானிய வகைப் பட்டன்களுக்கு 30 மில்லிமீட்டர் துளை வேண்டும், அமெரிக்க வகைக்கு ஏறக்குறைய 28. தகர பேனலில் அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும் பட்டன்கள் தடித்த பிளைவுட்டில் நிற்காது. மரத்துக்கு நட் போட்டு முறுக்கும் வகையைக் கேளுங்கள். ஒயர் முனையில் மாட்டும் கிளிப்பிலும் 2.8, 4.8 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் உண்டு. மாற்றி வாங்கிவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஒயரிங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பட்டன் என்பது இரண்டு ஒயர்தான். ஒன்று சிக்னல், இன்னொன்று கிரவுண்ட். கிரவுண்ட் ஒயரை ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டனுக்கு மாலை கோப்பதுபோல் கொண்டுபோகலாம். சிக்னல் ஒயர்கள் மட்டும் தனித்தனியாக ஒரு சின்ன யு.எஸ்.பி. போர்டுக்குப் போகும். அதை என்கோடர் என்பார்கள். கணினி அதை ஒரு சாதாரண கேம்பேட் அல்லது கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கையில் சால்டரிங் அயர்ன் இல்லாமலே முடிக்கலாம்.

திரை: படுத்ததா, நின்றதா?

பேக்-மேன் திரை அகலத்தில் 224 புள்ளிகள் (பிக்சல்), உயரத்தில் 288. அதாவது நின்றிருக்கும் திரை. டிவிக் குழாயைப் பக்கவாட்டில் சாய்த்து மாட்டியிருந்தார்கள். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, ‘கலாகா’, ‘டாங்கி காங்’ எல்லாமே நின்ற திரைதான். ஸ்ட்ரீட் ஃபைட்டரும் முஸ்தபாவும் படுத்த திரை. நின்ற விளையாட்டை அகலத் திரையில் போட்டால் நடுவில் ஒரு குறுகிய பட்டையாகச் சுருங்கும். இதனால்தான் உங்களுக்குப் பிடித்த விளையாட்டுகளை முதலில் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ‘நின்றது’, ‘படுத்தது’ என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். எது அதிகம் என்று பார்த்துத் திரையை மாட்டுங்கள். எனக்கு நின்ற விளையாட்டுகளே அதிகம், திரையும் நின்றிருக்கிறது. முஸ்தபா அதில் சிறிதாகத்தான் தெரிகிறான். அதை ஏற்றுக்கொண்டேன்.

எப்படி மாட்டினாலும் படத்தை இழுத்துத் திரை முழுவதும் நிரப்பாதீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 படம் 384க்கு 224 புள்ளிகள். ஆனால் அது ஓடியது பழைய டிவியின் 4:3 அளவுத் திரையில். அதாவது ஒவ்வொரு புள்ளியும் சதுரம் இல்லை, சற்றே ஒல்லி. வரைந்தவர்கள் அதை மனதில் வைத்தே வரைந்தார்கள். இன்றைய அகலத் திரையில் இழுத்து நிரப்பினால் ரியூவும் சுன்-லியும் உடம்பு பெருத்து நிற்பார்கள். மென்பொருள் அமைப்பில் 4:3 என்று தேர்வு செய்தால் சரியாகிவிடும். பக்கங்களில் கறுப்பாகக் கொஞ்சம் இடம் மிஞ்சும், மிஞ்சட்டும்.

பட்ஜெட் குறைவு என்றால் என் பரிந்துரை, அலுவலகங்கள் கழித்துப்போடும் பழைய 17 அல்லது 19 அங்குல எல்.சி.டி. மானிட்டர். அகலத்திரை வருவதற்கு முந்தைய 5:4 வகை, 1280க்கு 1024 புள்ளிகள். அதை நிமிர்த்தி வைத்தால் பேக்-மேனின் ஒவ்வொரு புள்ளியையும் சரியாக நான்கு மடங்கு பெரிதாக்கலாம்: 896க்கு 1152. திரைக்குள் அழகாக அடங்கும், ஓரங்கள் மழுங்காமல் கூர்மையாக இருக்கும். ஒன்றை மட்டும் கடையிலேயே சோதியுங்கள். இந்தப் பழைய திரைகளில் பலவற்றை நிமிர்த்தியதும் ஒரு பக்கமிருந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும். பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஆட்டக்காரர் பாவம். ஐ.பி.எஸ். வகைத் திரையில் அந்தத் தொல்லை இல்லை.

பழைய பிக்சர் டியூப் டிவியின் ஒளிர்வுக்கு இணை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதியவர்கள் அதன் பின்மூடியைத் திறக்கவே கூடாது. குழாய்க்குள் ஏறக்குறைய 20,000 வோல்ட் வரை மின்னழுத்தம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போகாது. டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

டிவியையே திரையாக வைப்பவர்களுக்கு இன்னொன்று: ‘கேம் மோட்’ போடுங்கள். இந்த விளையாட்டுகள் விநாடிக்கு ஏறக்குறைய 60 படங்கள் காட்டுகின்றன. ஒரு படம் நிற்பது 16.7 மில்லிவிநாடி. டிவி தன் அழகுபடுத்தும் வேலையில் நான்கைந்து படங்கள் அளவுக்குத் தாமதித்தால், பேக்-மேனில் மூலைக்கு முன் திருப்பும் அந்தக் கலை முழுக்க வீணாகும்.

உள்ளே இருக்கும் மூளை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இது இன்று எளிதான பகுதி என்பதுதான். மூன்று வழிகள் உண்டு. அசல் போர்டையே தேடி வாங்கலாம். விலை அதிகம், பழுது பார்ப்பது தனிக் கலை. இல்லையென்றால் எமுலேஷன். பழைய இயந்திரத்தின் சிப்புகள் என்ன செய்யுமோ அதை அப்படியே நடித்துக்காட்டும் மென்பொருள் அது. இதில் முதன்மையானது ‘மாமே’. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கியது. மூன்றாவது வழி எஃப்.பி.ஜி.ஏ.; பழைய சர்க்யூட்டின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் ஒரு சிப். ‘மிஸ்டர்’ என்ற திட்டம் அந்த வழியில் போகிறது. அருமையானது, ஆனால் முதல் பெட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை. ராஸ்ப்பெரி பை 4 என்ற கையளவு கணினியில், எமுலேட்டர்களைத் தொகுத்துத் தரும் ரெட்ரோபை அல்லது படோசெரா மென்பொருளைப் போட்டால் இந்தக் கட்டுரையில் வந்த எல்லா விளையாட்டுகளும் தாராளமாக ஓடும். பழைய மேசைக் கணினி சும்மா கிடந்தால் அதுவே போதும்.

நடிப்பு என்று சொன்னேன். அதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கி 1978இல் வந்தது. அதன் இன்டெல் 8080 சிப்பால் 55 வேற்றுக்கிரகவாசிகளையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியவில்லை. ஒரு படத்துக்கு ஒருவர் என்று வரிசையாக நகர்த்தியது. நீங்கள் சுடச் சுட எண்ணிக்கை குறையும், மிச்சமிருப்பவர்களின் முறை சீக்கிரம் சீக்கிரம் வரும். கடைசி ஒருவன் பறப்பான். இயந்திரத்தின் குறை அப்படியே விளையாட்டின் படபடப்பாக மாறியது, நிஷிகாடோவும் அதை அப்படியே விட்டுவிட்டார். அந்த மெதுவையும் சேர்த்து நடித்தால்தான் அது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். பேக்-மேனின் 256ஆவது சுற்றில் சுற்று எண்ணிக்கை, 255 வரை மட்டுமே எண்ண இடமுள்ள எட்டு பிட்டுக்குள் அடங்காமல் போய், திரையின் வலது பாதி எழுத்துக் குப்பையாகிவிடும். நல்ல எமுலேட்டர் அந்தக் குப்பையையும் பிசகாமல் காட்டும்.

எமுலேட்டர் இலவசம். விளையாட்டின் நகலான ரோம் அப்படி இல்லை; பெரும்பாலானவற்றின் உரிமை இன்னும் நிறுவனங்களிடமே இருக்கிறது. கேப்காம், நாம்கோ போன்றவை தங்கள் பழைய விளையாட்டுகளைத் தொகுப்பாக விற்கின்றன. வணிகநோக்கில்லாமல் பயன்படுத்த உரிமையாளர்களே அனுமதித்த சில பழைய விளையாட்டுகளை மாமே தளமே தருகிறது. பெட்டியைச் சோதிக்க அவை போதும்.

நம் ஊருக்குரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராஸ்ப்பெரி பை ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெட வாய்ப்பு உண்டு. கார்டை ஒரு நகல் எடுத்து வையுங்கள், முடிந்தால் பெட்டியை யு.பி.எஸ். வழியாக ஓட்டுங்கள். பேனல் உலோகமாக இருந்தால் எர்த் ஒயர் கண்டிப்பாக வேண்டும். குழந்தைகள் கை வைக்கும் இடம். ஸ்பீக்கருக்கு எந்தச் சாதாரண கணினி ஸ்பீக்கரும் சரி. பிளைவுட் ஓரங்களை மறைக்கும் ரப்பர் போன்ற டி-மோல்டிங் பட்டையை எல்லா வேலையும் முடிந்த பிறகு அடியுங்கள். பக்கங்களில் ஒட்டும் படங்களும் அப்படியே. முதலிலேயே ஒட்டிவிட்டு அப்புறம் துளை போட்டால் கிழியும்.

நாணயக் கதவு வீட்டில் எதற்கு என்று பலர் கேட்பார்கள். மாமேயில் கீபோர்டின் 5 என்ற எண்தான் நாணயம், 1 என்பது தொடங்கும் பட்டன். நாணயம் விழும் பாதையிலும் ஒரு மைக்ரோசுவிட்ச்தான் இருக்கிறது. அதன் இரண்டு ஒயரை என்கோடரில் 5ஆம் எண்ணுக்கு இணைத்தால் போதும், நாணயம் போட்டால்தான் விளையாட்டு தொடங்கும். என் பெட்டியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மேலே ஒரு கிண்ணத்தில் பழைய ஒரு ரூபாய் நாணயங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் தீர்ந்தால் அடுத்தவர் முறை.